ஓடைக்கரையிலிருந்து வந்த பெயர்

தமிழர்களாகிய நமக்குக் குடும்பப் பெயர் என்பது பெரும்பாலும் ஓர் எழுத்தோடு முடிந்துவிடுகிற காரியம். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்த எழுத்து ஊரைக் குறிக்கும். இன்னொரு எழுத்து தகப்பனாரைக் குறிக்கும். டாக்டர் உ. வே. சாமிநாதையரின் பெயரில் உள்ள 'உ' உத்தமதானபுரம். 'வே' அவருடைய தந்தையார் வேங்கடசுப்பையர். அந்த இரண்டு எழுத்துக்குள் ஒரு கிராமமும், ஒரு சங்கீத வித்துவானும், காவேரிக்கரைக் காற்றும் அடங்கிக் கிடக்கின்றன. ஆனால் நம் ஏற்பாட்டில் ஒரு சங்கடம் உண்டு. தந்தையின் எழுத்து பேரனிடம் வந்தவுடன் மறைந்து போகும். ஊரெழுத்தும், பட்டணத்துக்குக் குடியேறின இரண்டு மூன்று தலைமுறையில், அநேகமாகக் கரைந்து போகும்.

மேல்நாட்டாரின் வழக்கம் அப்படியன்று. அங்கே ஒரு பெயர் எழுநூறு எண்ணூறு வருஷம் உடையாமல் இறங்கி வரும். ஒரு கிராமத்தின் பெயரைச் சுமந்துகொண்டு, அந்தக் கிராமத்தைக் கண்ணால் கண்டிராத மனிதர்கள் கப்பலேறிப் போவார்கள். அப்படி ஒரு பெயர், ஸ்காட்லாந்திலே ஓர் ஓடைக்கரையில் பிறந்து, நம்முடைய சென்னைக் கடற்கரை வரையில் வந்து, ஒரு திங்கட்கிழமை காலையில் ஆயிரக்கணக்கான குடும்பங்களைத் திடுக்கிட வைத்தது. அதன் வரலாற்றைத்தான் இந்த வாரம் சொல்ல விரும்புகிறேன்.

பெயர் அர்புத்நாட். ஆங்கிலேயர் அதை உச்சரிக்கும்போது நடு அசையை அழுத்தி, கடைசி அசையை அலட்சியமாக விட்டுவிடுவார்கள். தமிழ்க் காதில் அது 'அற்புத நாடு' என்று விழுந்தாலும் குற்றமில்லை. உண்மையில் அந்தப் பெயருக்குள் நாடும் கிடையாது, அற்புதமும் கிடையாது. இருப்பதெல்லாம் ஒரு வீடும் ஒரு நீரோடையுமே.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், அபர்தீன் நகரத்துக்குத் தெற்கே, கின்கார்டின் என்னும் ஜில்லா இருந்தது. அந்தப் பிரதேசத்துக்கு 'மெர்ன்ஸ்' என்ற பழம் பெயரும் உண்டு. சிவந்த மண், நல்ல விளைநிலம், கடலிலிருந்து குளிர்ந்த காற்று. பெர்வி என்னும் சிற்றாறு அங்கே வளைந்து வளைந்து கடலை நோக்கிப் போகிறது. அந்த ஆற்றின் பள்ளத்தாக்கிலே உள்ளது அர்புத்நாட் கிராமம். பழைய சாஸனங்களில் அதன் பெயர் 'அபர்பாத்தநாத்' என்கிற மாதிரி நீளமாகக் காணப்படுகிறது. 'அபர்' என்றால், ஒரு நீர் மற்றொரு நீரோடு கலக்கும் வாய். நம்முடைய 'கூடல்', 'முகத்துவாரம்' போன்ற சொல். அபர்தீன் என்ற பெயரிலும் அதே சொல்தான் இருக்கிறது. மீதிப் பகுதிக்கு, பிரபுவின் மாளிகை என்றும் அதற்குக் கீழே ஓடும் ஓடை என்றும் பொருள் சொல்லுகிறார்கள். ஆக, 'மாளிகைக்குக் கீழேயுள்ள ஓடையின் வாய்' என்பது முழு அர்த்தம். நம் ஊர்களில் இதைவிட அடக்கமான பெயர்கள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றில் ஒன்றும் பாங்கியின் பெயர்ப்பலகையில் ஏறவில்லை.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், 'சிங்கம்' என்று பட்டம் பெற்ற வில்லியம் மன்னர் ஸ்காட்லாந்தை ஆண்ட காலத்தில், ஹியூ என்ற ஒருவர் இந்த நிலங்களை அடைந்தார். அவர் பிறந்தது தெற்கு எல்லைப்புறத்து ஸ்விண்டன் குடும்பத்தில். விவாகத்தின் மூலம் நிலம் வந்தது என்பது குடும்ப வரலாறு. நிலம் வந்ததும் பழைய பெயர் போயிற்று. சந்ததியார் அர்புத்நாட் ஆனார்கள். நம்மவர் ஊரை விட்டுப் போன பிறகு ஊர்ப்பெயரைச் சுமப்பார்கள். அவர்களோ ஊருக்குள் வந்து குடியேறி, ஊர்ப்பெயரை உடைமையாக்கிக் கொண்டார்கள். ஆள் பெயரும் ஊர்ப்பெயரும் ஒன்றாகவே இருந்தால், ஸ்காட்லாந்தில் அதற்கென்றே ஒரு தனிச் சொற்றொடர் உண்டு. 'அந்த இடத்துக்கே உரியவர்' என்று எழுதுவார்கள்.

இடத்துக்கு உரியவர்கள் எப்பொழுதும் நல்ல காரியத்துக்கே பேர் போனவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 1420-ஆம் வருஷத்தை ஒட்டி, மெர்ன்ஸ் பகுதியின் அதிகாரியாக இருந்த ஜான் மெல்வில் என்பவர் அக்கம்பக்கத்து நிலப்பிரபுக்களை மிகவும் ஹிம்சித்தாராம். அரசரிடம் முறையீடு போயிற்று. முறையீடு கேட்டுக் கேட்டு அலுத்துப்போன அரசர், "அந்த ஆளை வேக வைத்துச் சாறாகக் குடித்தால்தான் என்ன?" என்ற பாவனையில் ஏதோ வாய் தவறிச் சொன்னாராம். பிரபுக்கள் ராஜவாக்கியத்தை அப்படியே சிரமேற்கொண்டார்கள். அதிகாரியை வேட்டைக்கு அழைத்துப்போய், மலைப்பள்ளத்தில் கொப்பரை வைத்து, ஆளுக்கு ஒரு கரண்டி குடித்தார்கள் என்பது கர்ணபரம்பரை. கரண்டிக் கதையை நம்புவதும் நம்பாததும் வாசகர்களின் இஷ்டம். ஆனால் மெல்வில் கொலையுண்டதும், அதில் கலந்துகொண்ட ஹியூ அர்புத்நாட்டுக்கு மன்னிப்புக் கிடைத்ததும் சரித்திரம்.

அதே கிராமத்துக் கோயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னால்தான் நியாயம். ஜேம்ஸ் சிபால்ட் என்ற பாதிரியார் அங்கே உட்கார்ந்து கையாலே எழுதி, 1491-இல் ஒரு பூஜைப் புத்தகத்தை முடித்தார். ஸ்காட்லாந்துக் கோயில்களின் பழைய முறைப்படி எழுதப்பட்ட அவ்வகைப் புத்தகங்களில் முழுமையாகப் பிழைத்தது அது ஒன்றுதான். 1579-இல் ஸ்காட்லாந்தில் முதன்முதலாக முழு பைபிளை அச்சிட்டு முடித்தவரின் பெயரும் அலெக்ஸாண்டர் அர்புத்நாட். ஆகவே சாறு குடித்த கை மட்டுமல்ல, எழுத்தைப் போற்றிய கையும் அந்தப் பெயருக்கு உண்டு.

இந்தப் பெயர் ஏன் இவ்வளவு அபூர்வமாக இருக்கிறது? ஸ்மித் என்றால் கொல்லன். கொல்லன் இல்லாத ஊர் கிடையாது. ஆகவே ஊருக்கு ஊர் ஸ்மித் முளைத்தான். ஒரு ஸ்மித்துக்கும் இன்னொரு ஸ்மித்துக்கும் உறவு இருக்க வேண்டியதில்லை. அர்புத்நாட் என்ற ஊரோ உலகத்தில் ஒன்றுதான். ஓரிடத்தில், ஒரே குடும்பத்தையும் அதன் கிளைகளையும் அண்டிப் பரவிய பெயர் அது. சமீப காலத்தில் இங்கிலாந்தில் லெஸ்டர் சர்வகலாசாலை விஞ்ஞானிகள், தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே இறங்கும் மரபணுவைப் பரிசோதித்து, இதே முடிவுக்குத்தான் வந்தார்கள். ஸ்மித் போன்ற பொதுப் பெயர்க்காரர்கள் இருவரைப் பிடித்து ஒப்பிட்டால் தெருவில் போகும் எந்த இருவருக்கும் உள்ள ஒற்றுமைக்கு மேல் ஒன்றும் தெரிவதில்லை; அபூர்வப் பெயர்க்காரர்கள் இருவரானால், எங்கோ பல தலைமுறைக்கு முன்னால் ஒரே பாட்டனார் இருந்திருக்கக் கூடிய சாத்தியம் மிக அதிகம்.

சரி, ஒரே பள்ளத்தாக்கில் பிறந்த பெயர் உலகமெல்லாம் எப்படிச் சிதறிற்று? இதற்குக் காரணம் அவர்களுடைய தாய பாக முறை. நம் நாட்டில் நான்கு பிள்ளைகள் இருந்தால் நிலத்தை நான்காக வகிர்ந்து, வரப்புக்காக வழக்காடி, நால்வரும் அதே ஊரில் இருப்பார்கள். அங்கே நிலமும் மாளிகையும் மூத்தவனுக்கு. அர்புத்நாட் மூத்த கிளைக்கு 1641-இல் பிரபுப் பட்டமும் கிடைத்தது. அவர்கள் பெயரின் கடைசியில் இரண்டு 'ட்' போட்டு எழுதுகிறார்கள். இளையவர்களுக்கும் கிளைக் குடும்பங்களுக்கும் கிடைத்தது பெயர் ஒன்றுதான். அவர்களில் அநேகர் ஒற்றை 'ட்'டோடு ஊரை விட்டுப் புறப்பட்டார்கள். பாதிரியாக, வைத்தியராக, மாலுமியாக, வியாபாரியாக எங்கே வேலை கிடைத்ததோ அங்கே போனார்கள். மூத்தவன் வீட்டைக் காத்தான். இளையவன் பெயரைப் பரப்பினான்.

அப்படிப் புறப்பட்டவர்களில் முதல் ஸ்தானம் டாக்டர் ஜான் அர்புத்நாட்டுக்கு. 1667-இல் பிறந்தவர், அந்தக் கிராமத்துப் பாதிரியாரின் பிள்ளை. 1688-இல் நடந்த ராஜ மாற்றத்துக்குப் பிறகு தகப்பனார் புதிய ஏற்பாட்டை ஒப்புக்கொள்ள மறுத்து வேலையை இழந்தார். பிள்ளை லண்டனுக்குப் போய்க் கணக்குச் சொல்லிக் கொடுத்துப் பிழைத்து, பிறகு வைத்தியம் படித்து, ஆன் மகாராணியாரின் அரண்மனை வைத்தியரானார். கவி போப்பும், 'கலிவர் யாத்திரை' எழுதிய ஸ்விஃப்டும் அவருக்குத் தோழர்கள்.

அவர் 1710-இல் செய்த ஒரு வேலை விசித்திரமானது. லண்டன் கோயில்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளில் 82 வருஷக் கணக்கை எடுத்துப் பார்த்தார். அத்தனை வருஷமும், ஒரு வருஷம் தவறாமல், பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. காசைச் சுண்டினால் 82 தடவையும் தலையே விழுமா? அப்படி விழுவதற்கு உள்ள வாய்ப்பு எவ்வளவு என்று பார்த்தால், 25 இலக்கமுள்ள ஓர் எண்ணில் ஒரு பங்கு! ஆகையால் இது தற்செயல் அன்று, ஈசுவர சங்கற்பம் என்று அவர் முடிவு கட்டினார். முடிவை விட்டுத் தள்ளுங்கள், முறைதான் முக்கியம். 'இது தற்செயலாக நடந்திருக்குமா?' என்று எண்களைக் கொண்டு கேட்கும் சாஸ்திரத்துக்கு அது ஒரு பிள்ளையார் சுழி என்று புள்ளிவிவர நிபுணர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள்.

இன்னொரு வேலையை நம் தேசத்தார் நன்றாக அறிவார்கள். செய்தவர் யார் என்பதைத்தான் அறியமாட்டார்கள். தொப்பை வயிறும் உயரத் தொப்பியுமாக விகடச் சித்திரங்களில் பிரிட்டிஷ் ஜாதியின் அவதாரமாக உலாவினாரே ஜான் புல், அவருக்கு உயிர் கொடுத்தவர் இந்த டாக்டர்தான். 1712-இல் அவர் எழுதிய பரிகாசப் பிரசுரங்களில் அந்தப் பாத்திரம் தோன்றியது. தொப்பையும் தொப்பியும் பின்னால் வந்த சித்திரக்காரர்கள் கைங்கரியம். ஆங்கிலேயனின் உருவத்தைப் படைத்தவர் ஆங்கிலேயர் அல்லர், ஒரு ஸ்காட்லாந்துக்காரர் என்பதில் கொஞ்சம் ரஸம் இருக்கிறது. அந்தப் பிரசுரங்களில் முதலாவதின் தலைப்பு, 'வழக்கு என்பது அடி காணாத பள்ளம்' என்று அர்த்தப்படும். பின்னால் சென்னை ஹைகோர்ட்டில் அவருடைய பெயர்க்காரர் ஒருவருக்கு நேர்ந்ததை நினைத்தால், அது கொஞ்சம் ஜோஸியம் போலவே தோன்றுகிறது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவில் சென்னையில் பிரான்ஸிஸ் லத்தூர் என்பவரின் வியாபார ஸ்தாபனம் ஒன்று இருந்தது. அடுத்த நூற்றாண்டின் ஆரம்பத்தில் ஜார்ஜ் அர்புத்நாட் என்பவர் அதில் சேர்ந்தார். கொஞ்ச காலத்துக்கெல்லாம் ஸ்தாபனம் அர்புத்நாட் பெயரை ஏற்றுக்கொண்டது. ஏற்றுமதி, இறக்குமதி, தோட்டங்களை மேற்பார்ப்பது, இவற்றோடு பாங்கி வியாபாரம். நூறு வருஷத்துக்குள் சென்னையில் பாரி, பின்னி, அர்புத்நாட் என்று மூன்று பெயரை ஒரே மூச்சில் சொல்லும் நிலைமை வந்துவிட்டது.

பெயருக்கு மதிப்பு வந்தது வியாபாரத்தால் மட்டும் அல்ல. அலெக்ஸாண்டர் ஜான் அர்புத்நாட் என்ற சிவில் உத்தியோகஸ்தர் 1855-இல் சென்னை இராஜதானிக்கு முதல் கல்வி டைரக்டரானார். 1872-இல் மேயோ பிரபு அந்தமானில் கொலையுண்டதும், சென்னைக் கவர்னராயிருந்த நேப்பியர் பிரபு தற்காலிக வைஸ்ராயாகப் போனார். அப்பொழுது சில மாதம் சென்னைக்குக் கவர்னராக இருந்தவரும் இவரே. பம்பாய்ப் பக்கத்தில் கலெக்டராயிருந்த இன்னொரு அர்புத்நாட், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற யாத்திரிகருடன் சேர்ந்து, வாத்ஸ்யாயனருடைய நூல் ஒன்றை 1883-இல் இங்கிலீஷில் வெளியிட ஏற்பாடு செய்தார். எந்த நூல் என்பதைக் குடும்பங்களில் சத்தமாகப் படிக்கும் இந்தப் பக்கத்தில் விவரிக்க வேண்டாம்.

ஆக, கவர்னர் மாளிகையில் ஓர் அர்புத்நாட், பள்ளிக்கூடத்துக்கு ஓர் அர்புத்நாட், கடற்கரையில் கம்பீரமான கட்டிடத்தில் அர்புத்நாட் கம்பெனி. சாதாரணக் குடும்பஸ்தன் என்ன நினைப்பான்? பென்ஷன் வாங்கிய உத்தியோகஸ்தர்கள், வக்கீல்கள், புருஷனை இழந்த ஸ்திரீகள் ஆகியோர் தங்கள் ஆயுட்காலச் சேமிப்பை அங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள். அவர்கள் யாரும் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துப் போடவில்லை. பார்க்கக் கேட்டிருந்தால் காட்டியும் இருக்க மாட்டார்கள். பெயரைப் பார்த்துப் போட்டார்கள். அபூர்வப் பெயருக்கு இது ஒரு தனி பலம். ஸ்மித் என்றால் 'எந்த ஸ்மித்?' என்று கேட்கத் தோன்றும். அர்புத்நாட் என்றால் கேட்கத் தோன்றாது. ஒருவர் சம்பாதித்த மரியாதை அந்தப் பெயரைத் தாங்கின எல்லாரிடமும் போய் ஒட்டிக்கொள்ளும். கல்வி டைரக்டரின் யோக்கியதைக்கும் பாங்கிப் பெட்டியின் நிலைமைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது பெட்டி திறந்த பிறகுதான் தெரிந்தது.

1906-ஆம் வருஷம் அக்டோபர் 20-ந் தேதி, சனிக்கிழமை. கம்பெனியோடு நெருங்கிய தொடர்புள்ள மக்ஃபாதியன் என்பவர் லண்டனில் சுரங்க ரயிலின் முன் விழுந்து உயிரை விட்டார். அவருடைய லண்டன் ஸ்தாபனம் அபாயகரமான முதலீடுகளில் பணத்தை இறைத்து முழுகிப் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கழிந்தது. 22-ந் தேதி திங்கட்கிழமை சென்னையில் அர்புத்நாட் கம்பெனி கொடுக்கல் வாங்கலை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான பேருடைய பணம் உள்ளே அகப்பட்டுக்கொண்டது. கையிலிருந்த ஆஸ்தியோ கடனில் ஒரு சிறு பங்குக்குத்தான் காணும் என்று பிறகு தெரிய வந்தது. பெண்ணின் கல்யாணத்துக்கென்று வைத்திருந்தவர், பிள்ளையைச் சீமைக்கு அனுப்பிப் படிக்க வைக்க எண்ணியிருந்தவர், வட்டியைக் கொண்டே மாதச் செலவை நடத்தியவர் எல்லாருக்கும் அன்றைக்குக் கதவு ஒன்றுதான். அதுவும் சாத்திக் கிடந்தது. பின்னி கம்பெனியும் அந்த வருஷம் ஆட்டங்கண்டு, வேறு கைக்கு மாறித்தான் பிழைத்தது.

கம்பெனியின் தலைவர் ஸர் ஜார்ஜ் கஃப் அர்புத்நாட் மீது வழக்கு நடந்தது. சென்னையின் ஐரோப்பியச் சமூகத்தில் அவருக்கு மேற்பட்டவர் வெகு சிலரே. அப்படிப்பட்டவர் 1907-இல் குற்றவாளிக் கூண்டில் நின்று, பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். வெள்ளைக்காரப் பெரிய மனிதர் ஒருவர் இந்தியர்களின் பணத்துக்காகச் சிறை போவது அந்நாளில் தினசரிக் காட்சியா என்ன? பணத்தை இழந்தவர்களுக்கு அது வட்டியும் ஆகாது, முதலும் ஆகாது. இருந்தாலும் ஊரார் அந்தத் தீர்ப்பைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

பணத்தை இழந்தவர்களுக்காகக் கோர்ட்டில் முன்னின்று வாதாடியவர் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர். அவர் வழக்கோடு நிற்கவில்லை. அயலார் பெயரை நம்பிப் பணத்தைக் கொடுப்பதற்குப் பதில் நமக்கே ஒரு பாங்கி வேண்டும் என்று, செட்டிநாட்டுத் தனவணிகர்களையும் மற்றப் பிரமுகர்களையும் கூட்டி முயன்றார். 1907 மார்ச்சு 5-ந் தேதி இந்தியன் பாங்கி பதிவாயிற்று. ஆகஸ்டு 15-ந் தேதி கதவு திறந்தது. சரியாக நாற்பது வருஷம் கழித்து அதே ஆகஸ்டு 15-ந் தேதி வேறொரு பெரிய கதவும் நமக்குத் திறந்தது. இரண்டு தேதியும் ஒத்துப்போனது தற்செயலா அல்லவா என்று டாக்டர் அர்புத்நாட்டைத்தான் கணக்குப் போடச் சொல்ல வேண்டும்.

புதிய பாங்கிக்கு அவர்கள் வைத்த பெயரைக் கவனியுங்கள். கிருஷ்ணஸ்வாமி ஐயர் பாங்கி என்றோ, செட்டியார் பாங்கி என்றோ வைக்கவில்லை. ஒரு குடும்பத்தின் பெயரை நம்பி மோசம் போன ஊரிலே, எந்தக் குடும்பத்துக்கும் சொந்தமில்லாத பெயரைப் பலகையில் எழுதினார்கள்.

அர்புத்நாட் என்ற பெயர் அதோடு அழிந்துவிடவில்லை. 1916-இல் ஜட்லண்டு கடற்போரில் ஸர் ராபர்ட் அர்புத்நாட் என்ற தளபதி, தம் போர்க்கப்பலோடும் அதிலிருந்த அத்தனை பேரோடும் கடலில் மூழ்கினார். ஹாங்காங்கில் பழைய சிறைச்சாலையை ஒட்டி அர்புத்நாட் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. 1934-இல் அகதா கிறிஸ்டி அம்மையார், ரயில் வண்டியில் நடக்கும் கொலையைப் பற்றிப் பிரசித்தமான கதை எழுதியபோது, இந்தியாவிலிருந்து திரும்பும் ராணுவக் கர்னல் ஒருவர் வேண்டியிருந்தது. அவருக்குக் கர்னல் அர்புத்நாட் என்று பெயரிட்டார். இந்தியாவில் வேலை பார்த்த வெள்ளைக்காரத் துரைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அவருக்கு அகப்படவில்லை போலும்.

சென்னையிலோ, அர்புத்நாட் கம்பெனி கம்பீரமாக இருந்த கடற்கரைச் சாலைக்கு ராஜாஜி சாலை என்று பெயராகி வெகு காலமாயிற்று. இந்தியன் பாங்கியின் கட்டிடம் அதே சாலையில் நிற்கிறது. மெர்ன்ஸ் பள்ளத்தாக்கில் மூத்த கிளையார் இன்றும் தங்கள் பழைய மாளிகையிலேயே இருக்கிறார்கள்; பெயரின் கடைசியில் அந்த இரண்டு 'ட்'டும் அப்படியே இருக்கின்றன.